ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்: பாஸ்டன் வக்கீலைப் பள்ளி மேடை ஏற்றுவது எப்படி

குன்னூர்க் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தெட்டு வருடம் ஓட்டியவன் நான். நாடகக்காரன் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள் போன் போட்டு, "சித்தப்பா, ஆண்டு விழாவுக்கு அமெரிக்கப் புரட்சியை வச்சு ஒரு கோர்ட் நாடகம் போடறோம், யார் எங்கே நிப்பாங்கன்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போயிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு வரப் போனவன் மூன்று மாதம் மாட்டிக்கொண்டேன். இதே வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில், பட்டிமன்றம் வேண்டாம். நாங்கள் அதில்தான் தொடங்கினோம், தப்பு என்னுடையது. "பிரிட்டிஷ் ராஜா பக்கம் நின்ற வக்கீல் தேசபக்தரா, துரோகியா" என்று தலைப்பு வைத்தேன். பத்தே நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ராஜா பக்கம் பேச வந்த பையன் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தான், எதிரணி ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல் வாங்கியது. பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி தேவை. நமக்கு வேண்டிய ஆளோ, இரண்டு அணியையும் ஒரே சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன்.

அப்புறம், எந்த வக்கீல் என்பது. எல்லோரும் ஜான் ஆடம்ஸைத்தான் பிடிப்பார்கள். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர், சுடப்பட்டவர்களின் ஊரிலேயே சுட்ட சிப்பாய்களுக்காக வாதாடியவர், அதனால் கதை தானாகவே அவர் பக்கம் சாயும். என் பேச்சைக் கேட்பதானால் அவரை இரண்டாம் இடத்தில் வையுங்கள். நடுவில் நிறுத்த வேண்டியவர் சாமுவேல் குவின்சி. ஏன் என்பது தெரிய வேண்டுமானால் வழக்கைக் கொஞ்சம் பார்க்கணும்.

அமெரிக்கா அப்போது பிரிட்டிஷ் காலனி. 1770 மார்ச் 5 ராத்திரி, பனி கிடந்த பாஸ்டன் தெருவில் கூட்டம் சூழ்ந்துகொண்டு பனிக்கட்டியும் கட்டையும் வீச, பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். கேப்டன் தாமஸ் பிரெஸ்டன் மீதும் எட்டு சிப்பாய்கள் மீதும் கொலை வழக்கு. இப்போது யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். சிப்பாய்களுக்காக வாதாடியவர்களில் ஆடம்ஸும், இருபத்தாறு வயது ஜோசையா குவின்சியும் ராஜாவின் அதிகாரத்தை எதிர்த்தவர்கள். அந்தச் சிப்பாய்கள் கொலைகாரர்கள் என்று அரசுத் தரப்பில் நின்று வாதாடிய சாமுவேல் குவின்சியோ ராஜ விசுவாசி. ஜோசையாவின் கூடப் பிறந்த அண்ணன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் எதிரெதிர் மேஜையில், அதுவும் அவரவர் மனசுக்கு எதிரான பக்கத்தில். சாமுவேலுக்குத் துணையாக நின்ற ராபர்ட் டிரீட் பெயினும் எதிர்மேஜை ஆடம்ஸும் ஆறு வருடம் கழித்து ஒரே சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். தற்காப்புப் பக்கத்தில் ஜூனியராக இருந்த சாம்சன் சால்டர் பிளோவர்ஸ் கடைசியில் ராஜா பக்கம் போய், நோவா ஸ்கோஷியாவில் தலைமை நீதிபதி ஆனார். இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியபோது ஒரு பையன், "சார், எல்லாரும் தப்பான சீட்டுல உக்காந்திருக்காங்க" என்றான். நாடகத்தின் கரு அதுதான், இனி வசனம் எழுதுவது சுலபம்.

வசனத்துக்கு முன்னால் கேஸ் கட்டு தயார் பண்ணுங்கள். எங்கள் ஆபீசில் ஒரு கட்சிக்காரர் வந்தால் அவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் கேட்பதில்லை. சொந்தக்காரர் யார், சோறு எங்கிருந்து வருகிறது, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தேதி என்ன. இந்த நாலையும் எழுதிக் கட்டி, சிவப்பு நாடாவைச் சுற்றி வைத்துவிட்டால் ஆள் பாதி தெரிந்துவிடுவார். நடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு கட்டு போடச் சொன்னேன். வசனத்தை மனப்பாடம் செய்ததைவிட இதைத்தான் அவர்கள் ஆசையாகச் செய்தார்கள்.

சாமுவேலின் கேஸ் கட்டில் சொந்தம் என்ற தாளே நிரம்பி வழியும். அப்பா பிரெய்ன்ட்ரீயில் இருக்கிறார், ஊர் மக்கள் பக்கம். தம்பி அப்பா பக்கம். ஆடம்ஸ் நெருங்கிய சொந்தம் இல்லை என்றாலும் அந்நியமும் இல்லை. 1758இல் இருவரும் ஒரே நாளில் வக்கீலாகப் பதிவானவர்கள். அட்டர்னி ஜெனரல் ஜொனாதன் சூவல் ராஜா பக்கம், ஆனால் ஆடம்ஸின் உயிர் நண்பர். சூவலின் மனைவி எஸ்தரும் ஒரு குவின்சி வீட்டுப் பெண், எஸ்தரின் தங்கை டாரதி பிறகு கல்யாணம் செய்துகொண்டது புரட்சித் தலைவர் ஜான் ஹான்காக்கை. எங்கள் பக்கத்து ஹட்டிகளுக்குள், அதாவது படுகர் ஊர்களுக்குள், பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரிதான். மாமன் மச்சான் சண்டை நடக்கிற ஊரில் கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தவிக்கிற தவிப்பு எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாததா?

சோறு என்ற தாளில் சாமுவேலுக்கு ஒரே வரிதான். அரசு வேலை, சொலிசிட்டர் ஜெனரல் பதவி வரைக்கும் போனவர். ஆடம்ஸின் தாளில் ஒரு சுவாரசியம் உண்டு. பிரெஸ்டன் தரப்பில் ஆள் வந்து அழுது கேட்டபோது முன்பணமாக வாங்கியது ஒரே ஒரு கினி, அந்தக் கால இங்கிலாந்துத் தங்கக் காசு, என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஒரு கினிக்கு வக்காலத்து ஏற்றதில் தன் கட்சிக்காரர்கள் எத்தனை பேர் விலகிப் போவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இதை மேடையில் காசை எண்ணாமல் காட்ட முடியாது. நாணயத்தை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்கணும். பழைய ஐந்து ரூபாய்க் கனத்த நாணயம் அதற்குப் போதும்.

விசாரணைக் காட்சிதான் நாடகத்தின் வயிறு. இங்கே அவசரப்படாதீர்கள். சம்பவம் மார்ச்சில், பிரெஸ்டன் விசாரணை அக்டோபர் கடைசியில், சிப்பாய்கள் விசாரணை நவம்பர் 27இல் தொடங்கி டிசம்பர் 5 வரை. நம் ஊர்க் கணக்கில் இது மின்னல் வேகம், அவர்கள் கணக்கில் நீண்ட வாய்தா. ஊர்க் கொதிப்பு அடங்கட்டும் என்று நீதிபதிகளே தள்ளிப்போட்டார்கள். சூவலோ குற்றப்பத்திரிகையை எழுதிக் கொடுத்துவிட்டு நழுவிக்கொண்டார், சுமை சாமுவேல் தலையில் விழுந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இரண்டு மனசுக்காரன் கட்சி தேட மாட்டான், வாய்தா தேடுவான். சாமுவேலாக நடிக்கிற பையனிடம் "நீ குழப்பத்தில் இருக்கிறாய், முகத்தில் காட்டு" என்று சொன்னால் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்பான். "உனக்கு இன்னொரு தேதி வேணும், அதைக் கேளு" என்று சொல்லிப் பாருங்கள், உடம்பே மாறிவிடும். காகிதத்தைத் தேடுவான், தொண்டையைச் செருமுவான், தம்பி உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்ப்பதைத் தவிர்ப்பான். நான் கோர்ட்டில் தினமும் பார்த்தது அது.

விசாரணைக்கு முன்னால் ஒரு கடிதக் காட்சி வையுங்கள். அப்பா குவின்சி மார்ச் 22இல் ஜோசையாவுக்கு எழுதுகிறார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு நீ வக்கீலாமே, ஊரெல்லாம் உன்னைத் திட்டுகிறதாமே, நான் நம்பமாட்டேன் என்று. நாலு நாளில் மகன் பதில் போடுகிறான். குற்றம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை, அவர்களுக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, நானாக ஓடிப்போய் ஏற்கவில்லை, நம் தலைவர்களே வற்புறுத்தினார்கள் என்று. எங்கள் நாடகத்தில் அப்பா வாசிக்கும்போது சாமுவேலையும் மேடை ஓரத்தில் நிற்கவைத்தோம், வசனம் எதுவும் இல்லாமல். ராஜ விசுவாசியான மகன் ஊர் கைதட்டுகிற பக்கம் வாதாடுகிறான், அப்பாவின் கொள்கையில் நிற்கிற மகனுக்குத் திட்டு விழுகிறது. அங்கே நிற்கிற பையன் சும்மா நின்றாலே போதும்.

சாட்சிகளில் ஒன்றை மட்டும் முழுசாக எடுங்கள். சுடப்பட்ட பேட்ரிக் கார் என்ற அயர்லாந்துக்காரர் சில நாள் கழித்துத்தான் இறந்தார். சாகும் முன் டாக்டர் ஜான் ஜெஃப்ரீஸிடம், சிப்பாய்கள் தற்காப்புக்காகத்தான் சுட்டார்கள் என்று நினைக்கிறேன், என்னைச் சுட்டவன் மேல் எனக்கு வன்மம் இல்லை என்று சொன்னாராம். மரண வாக்குமூலம். டாக்டர் கூண்டில் ஏறி அதைச் சொல்லும்போது அரசுத் தரப்பு வக்கீல் சாமுவேல் என்ன செய்யணும்? மனசளவில் அந்தச் சிப்பாய்கள் தப்பட்டும் என்றுகூட அவருக்கு இருந்திருக்கலாம், ஆனால் வாங்கிய வேலை அவர்களைத் தூக்குமேடைக்கு அனுப்புவது. எங்கள் பையன் முதல் ஒத்திகையில் எழுந்து ஆவேசமாக ஆட்சேபித்தான். ரெண்டாம் தடவை எழுந்து, வாயைத் திறந்து, "கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தான். அது நாங்கள் சேர்த்த கற்பனை, அதைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அப்படிச் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பிள்ளைகள் அதையே பரீட்சையில் எழுதிவைப்பார்கள்.

ஆடம்ஸின் வாதத்தில் "உண்மைகள் பிடிவாதமானவை" என்கிற பிரபலமான பகுதியை எல்லோரும் வைப்பார்கள், வையுங்கள். ஆனால் அதே வாதத்தில் அவர் அந்தக் கூட்டத்தை யார் யாரோ பொடிப்பயல்கள், கறுப்பர்கள், அயர்லாந்துக்காரர்கள், வெளியூர்க் கப்பலாட்கள் என்று இளக்காரமாக வரிசைப்படுத்திய இடமும் இருக்கிறது. இறந்தவர்களில் முதலாமவர் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ், ஆப்பிரிக்க வம்சமும் பூர்வகுடி வம்சமும் கலந்தவர். பழியில் பெரும்பகுதியை அவர் தலையில் கட்டினார் ஆடம்ஸ். இதை வெட்டிவிடலாம் என்று டீச்சர்கள் சொன்னார்கள், நான் விடவில்லை. ஒத்திகையில் அதை வாசித்ததும் பின்னால் இருந்த ஒரு பெண், டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்து வருகிற பிள்ளை, "வெளியூர்க்காரன்னா சுடலாமா சார்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுடைய பாட்டி சிலோனில் இருந்து வந்தவர். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒருவர். பாட்டி இந்தியாவுக்கு மனு போட்டாராம், அவர் தம்பி அங்கேயே இருக்கிறேன் என்று போட்டாராம். ரெண்டு மனு, ரெண்டு கைநாட்டு, அப்புறம் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஆட்டக்ஸின் பெயரை வாசிக்கிற வேலையைக் கொடுத்தேன், கடைசிக் காட்சியையும் அவள்தான் எழுதினாள்.

தீர்ப்பு சுருக்கமாகப் போகட்டும். பிரெஸ்டன் விடுதலை. எட்டில் ஆறு சிப்பாய்கள் விடுதலை, ஜூரி இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. கில்ராய், மாண்ட்கோமரி இரண்டு பேர் மட்டும் குற்றவாளிகள், அதுவும் கொலையாகாத மரணம், நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவு மாதிரி. அதற்கும் அந்தக் காலத்தில் ஒருவன் ஒரே ஒருமுறை கேட்டு வாங்கக்கூடிய பாதிரியார் சலுகை என்று ஒன்று இருந்தது. தூக்கில் இருந்து தப்பலாம், ஆனால் மறுபடி கேட்க முடியாதபடி கட்டைவிரலில் சூடு போட்டுவிடுவார்கள். சூடு போடுவதை மேடையில் காட்டாதீர்கள், பிள்ளைகள் கைதட்டிவிடுவார்கள்.

1770க்கும் 1774க்கும் நடுவில் வேகமாகத் தாண்டுங்கள். வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை எங்கள் பக்கம் சொன்னாலே "நம்ம ஊர்த் தேயிலையா சார்?" என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். இல்லை. 1773 டிசம்பர் 16இல் கொட்டிய 342 பெட்டிகளும் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன சீனத் தேயிலை, நீலகிரியில் தேயிலைச் செடியே அப்போது கிடையாது. நமக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் யாராவது கேட்டால் காரன்வாலிஸைக் காட்டுங்கள். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற அதே ஆள்தான் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து 1792இல் திப்புவின் பாதி ராஜ்யத்தைப் பிடுங்கினார். 1799இல் திப்பு விழுந்ததும் இந்த மலை கம்பெனி கைக்குப் போனது.

சாமுவேலுக்குத் திருப்புமுனை என்று பெரிய சம்பவம் எதையும் தேடாதீர்கள், அது ஒரு கையெழுத்து. 1774இல், பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸின் கவர்னர் ஹட்சின்சன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது வக்கீல்கள் சிலர் சேர்ந்து பிரிவுபசார மடல் கொடுத்தார்கள், அதில் சாமுவேலும் ஒருவர். மடல் கொடுத்தவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. ஊர் நெருக்க, பலர் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சம்பிரதாயக் காகிதம், ரிட்டயர் ஆகிற ஆபீசருக்குச் சந்தன மாலை போடுகிற மாதிரி. அது அவருடைய கேஸ் கட்டில் சேர்ந்துவிட்டது. இனி வாய்தா இல்லை.

அதே வருடம் ஜூலையில், ஃபால்மத் என்ற ஊரில் கடலைப் பார்த்த ஒரு குன்றின்மேல் சூவலும் ஆடம்ஸும் நடந்தார்கள். காலனிகள் சேர்ந்து கூட்டுகிற மாநாட்டுக்குப் போகாதே, இங்கிலாந்தை எதிர்த்து ஜெயிக்க முடியாது என்று சூவல் கெஞ்ச, மூழ்கினாலும் நீந்தினாலும் என் நாட்டோடுதான் என்று ஆடம்ஸ் பதில் சொன்னதாக, கிழவரான பிறகு அவரே எழுதினார். இத்தனை வருடம் கழித்து எழுதிய வசனம் கொஞ்சம் பாலீஷ் ஆகத்தான் இருக்கும், அதனால் பாதியைக் குறைத்துவிடுங்கள். இந்தக் காட்சியை ஹாலில் ஒத்திகை பார்க்கவேண்டாம். பள்ளிக்கு மேலே இருக்கிற தேயிலைச் சரிவுக்குக் கூட்டிப்போய் நிஜமாக ஏறவைத்தோம். மேடேறுகிறவர்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், மூச்சு வாங்கும், வார்த்தை துண்டு துண்டாக வரும், மேலே போய் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்கள். அதை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தோம். நாலு மணிக்குள் முடித்துக் கீழே இறங்கிவிடுங்கள், பனி இறங்கிவிட்டால் சரிவில் நிற்பது காட்டெருமையா பாறையா என்று தெரியாது.

உடைக்கு அதிகம் செலவு வேண்டாம். நீதிபதிக்குச் சிவப்பு அங்கி, வக்கீல்களுக்குக் கறுப்புக் கவுனும் கழுத்தில் வெள்ளைப் பட்டையும். அந்த வெள்ளைப் பட்டையை நம் வக்கீல்கள் இன்றைக்கும் கட்டுகிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள். டோப்பாவைப் பஞ்சில் ஒட்டினோம், விழா அன்று காலைப் பனியில் ஊறித் தொங்கி, நீதிபதி பிள்ளை நனைந்த ஆட்டுக்குட்டி போல உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கம்பளி நூலில் பின்னுங்கள்.

கடைசிக் காட்சி அந்தப் பெண் எழுதியது என்றேன். லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்துப் போர் தொடங்கியது 1775 ஏப்ரல் 19. இங்கிலாந்தில் தூது பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஜோசையா, காசநோய் முற்றி, ஏப்ரல் 26இல் கரை தெரிகிற தூரத்தில் கப்பலிலேயே இறந்தான். கொண்டுவந்த சேதி யாருக்கும் போய்ச் சேரவில்லை. மே மாதம் சாமுவேல் எதிர்த்திசையில் கப்பலேறினார். மனைவி ஹன்னா வரவில்லை. 1778இல் மாசசூசெட்ஸ் நாடு கடத்திய பட்டியலில் சாமுவேல் பெயர் இருந்தது. ஒருமுறை திரும்பினால் பிடித்து அனுப்புவார்கள், மறுமுறை திரும்பினால் மரண தண்டனை. ஆன்டிகுவா தீவில் சுங்க வேலை பார்த்தார், 1789இல் அவரும் கடலில்தான் இறந்தார். அந்த டான்டீ லைன் பெண் இதையெல்லாம் வசனமாக எழுதவில்லை. மேடையில் ஹன்னா ஒரு பெட்டியை அடுக்குகிறாள், சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கிறாள், கவுனை எடுத்து மடித்து, வைக்கலாமா என்று யோசித்து, வெளியே எடுத்துவைக்கிறாள். சாமுவேல் அதைத் திருப்பி உள்ளே வைக்கிறார். அவள் மறுபடி எடுக்கிறாள். ஒன்றும் பேசாமல் மூன்று தடவை. பெட்டி மூடும்போது கவுன் வெளியே கிடந்தது. இந்தக் காட்சிக்கு ஒத்திகை குறைவாக வையுங்கள், அதிகம் பார்த்தால் கை பழகிவிடும்.

இரவல் வாங்கிய கவுன்களை மட்டும் துவைத்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர்ப் பனியில் மூணு நாளானாலும் காயவில்லை, திங்கட்கிழமை காலை ஒரு வக்கீல் ஈரக் கவுனோடு கோர்ட்டுக்குப் போனார்.